வெண்மணலில் படரும் பாசி



கால்வாயில் துண்டை விரித்து வடித்த குட்டி மீன்களைப் போத்தலில் விட்டுச் சன்னலோரம் வைத்து வளர்க்காத தோட்டத்துப் பிள்ளைகள் குறைவு. அவை நன்னீர் மீன்கள். கிணற்று நீரோ குழாய் நீரோ அவற்றுக்குப் போதும். கடல் மீனை வீட்டுக்குள் வைத்து வளர்ப்பது வேறு காரியம். சிங்கப்பூருக்குப் போய் வந்த மூத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ரிவர் வேலி சாலையில் 1955-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட வான் கிளீஃப் மீன் காட்சியகம் சிலருக்காவது நினைவிருக்கும். 1991-இல் அது மூடப்பட்டு, 1998-இல் கட்டடமும் இடிக்கப்பட்டது. இன்று பட்டணத்துப் பல் மருத்துவர் அறையிலும், பெரிய உணவுக் கடைகளிலும், சில வீடுகளிலும்கூடக் கடல்நீர்த் தொட்டிகளைப் பார்க்கிறோம். உப்பு நீர், நீலமும் மஞ்சளுமாக மீன்கள், அடியில் அரிசி மாவைப் பரப்பியதுபோல் வெள்ளை மணல்.

அந்த வெள்ளை மணலைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். தொட்டி வைத்த சில வாரங்களில் மணல்மேல் தவிட்டுத் தூள் தூவியதுபோல் ஒரு பழுப்பு நிறம் படியும். சில தொட்டிகளில், அது போனதும் மாட்டு ரத்தம் உறைந்தது போன்ற சிவப்புப் படலம் போர்வையாக விரியும். அதில் சின்னச் சின்னக் காற்றுக் குமிழிகள் தொங்கும். வேறு சில தொட்டிகளில் தலைமயிர் போலப் பச்சைப் பாசி முளைக்கும். வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் உட்கார்ந்து உறிஞ்சி எடுப்பார். அடுத்த ஞாயிறு அது மீண்டும் அங்கே கிடக்கும். கடல்நீர்த் தொட்டி தோன்றி ஏறத்தாழ 170 ஆண்டுகள் ஆகின்றன. அத்தனை ஆண்டுகளாக மனிதன் இந்தப் பாசியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறான். களை எடுத்துப் பழகிய நம் குடும்பங்களுக்கு இந்தக் கதை அந்நியமாகத் தோன்றாது.

முதலில், பாசி என்று நாம் பொதுவாகச் சொல்வது ஒரே பொருளன்று. பழுப்புத் தூள் என்பது டயாட்டம் என்னும் நுண்ணுயிர்க் கூட்டம். கண்ணாடி எதனால் ஆனதோ அந்தச் சிலிக்காவால் ஓடு கட்டிக்கொண்டு வாழ்வது அது. புதுத் தொட்டியில் கரைந்திருக்கும் சிலிக்கா தீர்ந்ததும் பெரும்பாலும் தானே ஓய்ந்துவிடும். சிவப்புப் படலமோ உண்மையில் பாசியே அன்று. பாக்டீரியா இனத்தைச் சேர்ந்தது. நெடுங்காலம் அதை நீலப் பச்சைப் பாசி என்றே நூல்களில் எழுதி வந்தார்கள். 1978-இல் ரோஜர் ஸ்டேனியர் என்னும் அறிஞரும் அவருடைய கூட்டாளிகளும், இதைப் பாக்டீரியா வரிசையில் வைத்தே பெயரிட வேண்டும் என்று முன்மொழிந்தனர். இன்று சயனோபாக்டீரியா என்கிறோம். அற்ப உயிர் என்று எண்ண வேண்டா. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த உலகின் காற்றில் பிராணவாயுவை நிரப்பத் தொடங்கியவை இதன் மூதாதையரே. தொட்டி மணலில் நம்மைப் படாதபாடு படுத்தும் இந்தச் சிவப்பு வழுக்கல் அத்தனை பழைய குடும்பத்தது.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

1849-ஆம் ஆண்டு. லண்டனில் மருந்து வணிகர் சங்கத்தின் இரசாயன அறிஞராக வேலை பார்த்தவர் ராபர்ட் வாரிங்டன். ஒரு கண்ணாடிக் கலத்தில் மணலும் சேறும் இட்டு, ஊற்று நீர் ஊற்றி, ஒரு நீர்த்தாவரத்தையும் இரண்டு தங்கமீன்களையும் விட்டார். தாவரம் வெளிவிடும் பிராணவாயுவை மீன் சுவாசிக்கும். மீனின் கழிவைத் தாவரம் உண்ணும். ஆகவே தண்ணீரை மாற்றாமலே இரண்டும் வாழும் என்பது அவர் கணக்கு. கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் சில நாளில் பழைய இலைகள் அழுகின, வழுக்கல் பாசி படர்ந்தது, தண்ணீர் கலங்கியது. வாரிங்டன் குளத்திலிருந்து ஐந்தாறு நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். அவை அழுகலையும் பாசியையும் தின்று தீர்த்தன, தண்ணீர் தெளிந்தது, நத்தை இட்ட முட்டைகள் மீனுக்கு உணவாயின. 1850-இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். இன்று உலகம் முழுதும் மீன் வளர்ப்போர் நத்தை வாங்கித் தொட்டியில் விடுவதற்கு வழிகாட்டியது இந்த ஐந்தாறு குளத்து நத்தைகள்தாம். சில ஆண்டுகளில் கடல்நீரிலும் அதையே செய்து பார்த்தார். அங்கே பச்சைக் கடற்பாசியும் கடல் நத்தையும் அந்த வேலையைச் செய்தன.

அதே காலத்தில் பிலிப் ஹென்றி கோஸ் என்னும் இயற்கையாளர் கடற்கரைப் பாறைக் குட்டைகளில் ஆய்வு செய்துகொண்டிருந்தார். 1853-இல் லண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் முதல் பொது மீன் காட்சியகம் திறக்கப்பட்டபோது அவர் சேகரித்த உயிர்கள் அங்கே போயின. 1854-இல் அவர் எழுதிய நூல் நாடெங்கும் ஒரு பித்தை உண்டாக்கியது. ஆங்கிலேய நடுத்தரக் குடும்பங்கள் வரவேற்பறையில் கடல்நீர்த் தொட்டி வைக்கத் தொடங்கின. 1845-இல் கண்ணாடி வரி நீக்கப்பட்டுக் கண்ணாடி மலிவானதும் ஒரு காரணம். கோஸ் கூர்ந்து பார்க்கும் கண்ணுடையவர். கடல் நத்தை தன் அரம் போன்ற நாக்கால் கண்ணாடியில் படிந்த பாசியைச் சுரண்டும்போது வளைவு வளைவாகத் தடம் விழுவதைக் கண்டு, புல் அறுப்பவன் அரிவாள் வீசிச் செல்லும் தடத்தோடு அதை ஒப்பிட்டார். புல்வெட்டு வேலை செய்த நம் முன்னோர் இந்த ஒப்புமையைக் கேட்டிருந்தால் உடனே புரிந்துகொண்டிருப்பார்கள்.

இந்தப் பித்துக்கு ஒரு கசப்பான பக்கமும் உண்டு. ஆயிரக்கணக்கானோர் வாளியும் உளியுமாகக் கடற்கரைக்குப் போய்ப் பாறைக் குட்டைகளைச் சூறையாடினர். கொண்டுவந்த உயிர்களில் பெரும்பகுதி, நீர் பச்சையாகி, மணல் கறுத்து, முட்டை அழுகிய நாற்றம் எடுத்துச் செத்தன. தம் புத்தகமே இதற்குக் காரணமாயிற்றே என்று கோஸ் வருந்தியதை அவர் மகன் எட்மண்ட் 1907-இல் வெளியிட்ட நூலில் எழுதியிருக்கிறார்.

நத்தை தின்னும் வேகத்தைவிடப் பாசி வளரும் வேகம் கூடியபோது, அடுத்து வெளிச்சத்தின்மேல் கைவைத்தார்கள். நான்கு பக்கமும் கண்ணாடியாக, சன்னலோரம் வைக்கப்பட்ட தொட்டியில் எல்லாப் புறமும் வெயில் நுழைகிறது. கடலில் அப்படியா? மேலிருந்து மட்டுமே ஒளி வருகிறது. ஆகவே பின்பக்கத்தைச் சாய்வாக அடைத்து, ஒளி மேலிருந்து மட்டும் விழும்படி தொட்டி கட்டினார்கள். 1860-களில் வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த எட்வர்ட் எட்வர்ட்ஸ் ஒரு படி மேலே போனார். கடற்கரைப் பாறைக் குட்டைகளில் வெடிப்புகள் இருப்பதையும், அவற்றின் இருட்டுக்குள் நீர் நிற்பதையும் பார்த்து, தொட்டிக்குள்ளேயே ஓர் இருட்டறை அமைத்தார். நீர் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் மாறி மாறிப் போய்வரும். நீரில் மிதக்கும் பச்சை, இருட்டில் வாடும். வில்லியம் ஆல்ஃபோர்ட் லாய்ட் என்பவர் இதையே பெரிய அளவில் செய்தார். 1864-இல் ஹாம்பர்க்கிலும், 1871-இல் லண்டன் கிறிஸ்டல் பேலஸிலும் அவர் அமைத்த காட்சியகங்களில், பார்வைத் தொட்டிகளைவிடப் பல மடங்கு பெரிய இருட்டுக் கிடங்குகள் கட்டிடத்தின் அடியில் இருந்தன. நீராவி எந்திரம் ஓயாமல் நீரைச் சுழற்றியது. பணமுள்ள நிறுவனத்துக்கு இது சரி. வீட்டுக்காரன் என்ன செய்வான்? அவன் தொட்டியைத் துடைத்து மாடியில் போட்டுவிட்டான்.

நத்தை, இருட்டு, நீர்ச்சுழற்சி இவையெல்லாம் நல்ல உபாயங்கள். ஆயினும் பாசி ஏன் முளைக்கிறது என்ற கேள்விக்கு இவற்றில் விடை இல்லை. விடை மண்ணை ஆராய்ந்தவரிடமிருந்து வந்தது. 1890-இல் ரஷ்யரான செர்கேய் வினோகிராட்ஸ்கி, அம்மோனியாவைப் படிப்படியாக நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்களைத் தனியே பிரித்துக் காட்டினார். மீன் தின்னும் தீனியில் புரதம் உண்டு. அதன் கழிவு அம்மோனியா, அது நஞ்சு. மணலில் வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட்டாக்கிவிடுகின்றன. மீன் பிழைத்துக்கொள்கிறது. ஆனால் நைட்ரேட் என்பது என்ன? நம் தோட்டத்து ஸ்டோரில் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும் உரத்தின் முதல் எழுத்தல்லவா அது! இரண்டாவது எழுத்தான பாஸ்பேட்டும் மீன் தீனியிலேயே இருக்கிறது. ஆக, மீனுக்குத் தீனி போடும் ஒவ்வொரு கையும் மணலுக்கு உரம் போடுகிறது. செம்பனைக்கு உரம் போட்ட மறுவாரம் வட்டத்துக்குள் களை எப்படிச் செழிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த அறிவு மீன் வளர்ப்போரிடம் வந்து சேர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. மின்சாரக் காற்றுப் பம்பு வந்தபின், மணலுக்கடியில் துளையிட்ட தட்டு ஒன்றை வைத்து, நீரை மணல் வழியாகக் கீழே இழுத்து வடிகட்டும் முறை பரவியது. மணலே வடிகட்டியாயிற்று. அம்மோனியா ஒழிந்தது, மீன்கள் மாதக்கணக்கில் வாழ்ந்தன. அதே வேளை மணல் எல்லாக் கசடையும் தன் வயிற்றுக்குள் இழுத்து வைத்துக்கொண்டு, நைட்ரேட்டை மேலே கொடுத்துக்கொண்டிருந்தது. பாசிக்கு அது விருந்து.

விருந்தை நிறுத்தாமல் விருந்தாளியைக் கொல்லப் பார்த்தவர்களும் உண்டு. 1904-இல் அமெரிக்க விவசாயத் துறையைச் சேர்ந்த மூரும் கெல்லர்மனும் குடிநீர்த் தேக்கங்களில் பாசியை ஒழிக்க மயில்துத்தம் போடலாம் என்று கண்டறிந்து வெளியிட்டார்கள். நம் பெரியவர்கள் துத்தம் என்று சொல்லும் அதே நீலக் கட்டி. அதில் உள்ள செம்பு பாசியைக் கொல்லும், உண்மை. ஆனால் கடல்நீர்த் தொட்டியில் அது நத்தையையும் நண்டையும் பவள உயிரையும் பாசியைவிட முந்திக் கொன்றுவிடும். அதோடு, பவள மணல் சுண்ணாம்புத் தன்மை உடையதாகையால் செம்பைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும். பிறகு, ஒரு நாள் மெல்லக் கசியவிடும். துத்தம் போட்ட தொட்டியில் மாதங்கள் கழித்து விட்ட நத்தைகளும் சாவதுண்டு.

இந்த இடத்தில் கதை நம் பக்கத்து வீட்டுக்கு வருகிறது. இந்தோனேசியத் தலைநகர் ஜக்கார்த்தாவில் லீ சின் எங் என்பவர் கடல் மீன் வளர்த்தார். அவரிடம் பெரிய எந்திரங்கள் இல்லை. கடலிலிருந்து நல்ல நீர், உயிரினங்கள் ஒட்டியிருக்கும் பவளக் கற்கள், மணல், சூரிய வெளிச்சம், மெல்லிய காற்றுக் குமிழி இவ்வளவே. கல்லின் துளைகளுக்குள் குடியிருந்த கோடிக்கணக்கான நுண்ணுயிரும் புழுவும் கழிவை உண்டன. மேற்கத்திய நாட்டார் பவளத்தைச் சில வாரம்கூட உயிரோடு வைக்கத் தடுமாறிய காலத்தில் இவர் தொட்டியில் பவளம் வளர்ந்தது. 1961-இல் ஓர் அமெரிக்க இதழில் தம் முறையை விளக்கி எழுதினார். அப்போது அது பெரிதாகப் பரவவில்லை. உயிருள்ள கல் என்று இன்று உலகச் சந்தையில் விலை பேசப்படும் பொருளின் அருமையை அச்சில் எடுத்துச் சொன்ன முன்னோடி இந்த ஜக்கார்த்தாக்காரர். அந்த மரியாதை அவருக்கு இன்னும் முழுதாகக் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

1960-களிலும் 70-களிலும் ஜெர்மானியர் வேறு வழியில் முன்னேறினர். கடல் அலையில் நுரை பொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். நீரிலுள்ள புரதக் கசடு காற்றுக் குமிழியில் ஒட்டிக்கொண்டு மேலே வருவதே அந்த நுரை. ஒரு குழாயில் குமிழிகளை அடைத்து நுரை பொங்கச் செய்து, அந்த நுரையைக் கிண்ணத்தில் வழித்து வெளியே கொட்டினார்கள். சோறு பொங்கும்போது கஞ்சி நுரையை வழிப்பது போலத்தான். கசடு அழுகி உரமாகும் முன்பே வெளியேறிவிடுகிறது. பீட்டர் வில்கென்ஸ் என்பவர் பவளம் வளர்வதற்காகச் சுண்ணாம்புத் தெளிநீரைச் சொட்டுச் சொட்டாக விடும் முறையைப் பரப்பினார். வெற்றிலைக்குத் தடவும் அதே சுண்ணாம்பு. அது பவளத்துக்கு எலும்பாவதோடு, கரைந்திருக்கும் பாஸ்பேட்டில் ஒரு பகுதியையும் படியச் செய்கிறது.

பிறகு மணலையே மருந்தாக்கினார் ஒரு பிரெஞ்சுக்காரர். ஷான் ஜோபேர் என்னும் அந்தப் பேராசிரியர், தொட்டியின் அடியில் ஒரு வெற்றிடம் விட்டுத் தட்டு வைத்து, அதன்மேல் கனமாகப் பவள மணலைப் பரப்பினார். மணல் வழியாக நீரை இழுக்கவில்லை. சும்மா விட்டார். மேல் மணலில் பிராணவாயு உண்டு, ஆழத்தில் குறைவு. அந்தக் குறைவான இடத்தில் வாழும் வேறு வகைப் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை உடைத்து வெறும் நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடும். 1989-இல் மொனாக்கோ கடலியல் அருங்காட்சியகத்தில் 40,000 லிட்டர் கொண்ட பவளத் தொட்டி இம்முறையில் நிறுவப்பட்டது. களைக்கு உரமிட்டுவந்த மணல் இப்போது உரத்தை விழுங்கும் மணலாயிற்று.

வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த வால்டர் ஏடியின் சிந்தனை இன்னும் வேடிக்கையானது. பாசி முளைப்பதைத் தடுக்க முடியாது என்றால், நாம் சொல்லும் இடத்தில் முளைக்கட்டும் என்றார். தொட்டிக்கு வெளியே ஒரு தட்டில் வலையை விரித்து, பலத்த விளக்கைப் போட்டு, தொட்டி நீரை அலையலையாக அதன்மேல் பாயவிட்டார். பாசி அங்கே செழித்தது. வாரா வாரம் அதைச் சுரண்டி எறிந்தால், அது தின்ற நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அதனுடனேயே வெளியேறின. உள்ளே இருக்கும் மணலுக்கு மிச்சமில்லை. 1982-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இன்று பலர் தொட்டிக்குக் கீழே ஒரு சிறு அறையில் பெரிய வகைக் கடற்பாசியை வளர்த்து வெட்டுகிறார்கள், அடிப்படை ஒன்றே.

இதைக் கேட்கும்போது நம் தோட்டங்களின் பழைய கதை நினைவுக்கு வருகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயா ரப்பர் தோட்டங்களில் ஒரு புல் பூண்டு இருக்கக்கூடாது என்பது சட்டம் மாதிரி. நம் பாட்டிமார் குனிந்த இடுப்பு நிமிராமல் மண் தெரியச் செதுக்கினார்கள். மழை பெய்தபோது மேல்மண் ஆற்றில் போயிற்று. பின்னர்தான் துரைமார்களுக்குப் புத்தி வந்து, பியூரேரியா, கலோபோகோனியம் போன்ற அவரையினக் கொடிகளைப் பரப்பி, லாலாங்கை மேலெழவிடாமல் அடக்கினார்கள். வேண்டாத களையை வேண்டிய கொடியால் அடக்குவது தோட்டத்தில் கற்ற பாடம். ஏடி தண்ணீரில் செய்ததும் அதுவே.

ஆனால் கொடி வேலி தாண்டினால்? அதுவும் நடந்தது. காலெர்ப்பா டாக்சிஃபோலியா என்பது தொட்டிகளில் அழகுக்காக வளர்க்கப்பட்ட, பெரணி இலை போன்ற பச்சைக் கடற்பாசி. சபா மாநிலத்தில் லாத்தோக் என்று பச்சையாகவே உண்ணும் பாசிக்கு உறவு முறை. ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் காட்சியகத்தில் இருந்த ஒரு ரகம் குளிரையும் தாங்கியது. 1984-இல் மொனாக்கோ அருங்காட்சியகத்தின் கீழே, கடலில், ஒரு சதுர மீட்டர் அளவில் அது வளர்ந்திருப்பதைக் கண்டார்கள். 1989-இல் அது ஒரு ஹெக்டேர். அதன்பின் மத்தியதரைக் கடலின் பல கரைகளில் மணலையும் கடற்புல்லையும் மூடி ஆயிரக்கணக்கான ஹெக்டேராயிற்று. அலெக்சாண்டர் மெய்னேஸ் என்னும் விஞ்ஞானி தொடக்கத்திலிருந்தே எச்சரித்தார்; உரியவர்கள் வாதாடிக்கொண்டிருந்தார்களே தவிரப் பிடுங்கவில்லை. 2000-ஆம் ஆண்டு அதே பாசி அமெரிக்காவில் கலிபோர்னியக் கரையோரம் தலைகாட்டியபோது அங்கே தாமதிக்கவில்லை. பாசிமேல் தார்ப்பாயை விரித்து, ஓரங்களை அடைத்து, உள்ளே குளோரினைச் செலுத்திக் கொன்றார்கள். 2006-இல் ஒழிந்தது என்று அறிவிப்பதற்குள் எழுபது லட்சம் டாலருக்கு மேல் செலவு. யாரோ ஒருவர் தம் தொட்டியைக் கழுவிய தண்ணீரைக் கொட்டியிருக்கலாம் என்றே கருதுகிறார்கள்.

தொட்டியில் நடப்பது கடலிலும் நடக்கிறது என்பதால்தான் இந்தப் பேச்சு பொழுதுபோக்குக்காரர்களோடு நின்றுவிடவில்லை. ஹவாய்த் தீவில் கனியோஹே விரிகுடாவில் சாக்கடை நீர் விடப்பட்ட காலத்தில் பச்சைக் குமிழிப் பாசி பவளத்தை அமுக்கியது. 1977, 78-இல் சாக்கடையை ஆழ்கடலுக்குத் திருப்பினார்கள். பாசி குறையத் தொடங்கியது. கரீபியன் கடலிலோ உரம் கூடியதைவிட மேய்ப்பவை குறைந்ததே பெரிய கேடு. 1983-இல் தொடங்கிய ஒரு நோயில், நீண்ட முட்களுடைய கருப்புக் கடல் முள்ளெலிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஓராண்டுக்குள் மடிந்தன. பாசி மேயும் மீன்களை ஏற்கெனவே அளவுமீறிப் பிடித்துவிட்டிருந்தார்கள். 1980-இல் ஒரு பெரும் புயலும் அடித்திருந்தது. ஜமைக்காவில் 1977-இல் பாறையில் பாதிக்கு மேல் உயிர்ப் பவளம் இருந்தது. 1993-இல் நூற்றுக்கு மூன்றளவே மிஞ்சியது. பாசி எங்கும் போர்த்தியது. வாரிங்டனின் ஐந்தாறு நத்தைகள் செய்த வேலையை ஒரு கடல் முழுதும் இழந்தால் என்னவாகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டா.

சரி, இன்று வெண்மணலில் சிவப்புப் படலம் கண்டவர் என்ன செய்கிறார்? பலர் எரித்ரோமைசின் வாங்கிப் போடுகிறார்கள். பிலிப்பைன்ஸ் மண்ணிலிருந்து கண்டெடுக்கப்பட்டு 1952-இல் மருந்தாக வந்தது அது. சிவப்புப் படலம் பாக்டீரியா ஆகையால் செத்துப்போகிறது; இரண்டு நாளில் மணல் வெளுக்கிறது. ஆனால் மணலுக்கு வேண்டிய நல்ல பாக்டீரியாவுக்கும் அதனால் ஊறு வரலாம். தீனி அதே அளவில் விழுந்தால், சில வாரத்தில் படலம் திரும்பிவிடும். மனிதர் நோய்க்கு வைத்திருக்க வேண்டிய மருந்தைப் பாசிக்கு வீசுவது எனக்கு உடன்பாடில்லை.

அனுபவசாலிகள் வேறு விதமாகத் தொடங்குகிறார்கள். முதலில் தண்ணீர். குழாய் நீரில் கரைந்திருக்கும் சிலிக்காவும் பாஸ்பேட்டும் பாசிக்கு முன்பணம். நுண்சவ்வு வழியாக நீரை அழுத்தி வடிகட்டினால் அவை பெரும்பாலும் நீங்கும். அந்தச் சவ்வைப் பயன்படும் நிலைக்குக் கொண்டுவந்தவர்கள் 1960 வாக்கில் கலிபோர்னியாவில் வேலை செய்த சிட்னி லோபும், இந்தியாவில் பிறந்த ஸ்ரீநிவாச சௌரிராஜனும் ஆவர். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளும், கடையில் விற்கும் வீட்டுக் குடிநீர் வடிகட்டிகளில் பலவும் அவர்கள் கண்ட வழியில் வந்தவை. அடுத்தது தீனி: மீன் இரண்டொரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு மட்டும். விளக்கு: நாள் முழுதும் எரிய வேண்டியதில்லை. நீரோட்டம்: சிவப்புப் படலம் நீர் தேங்கும் மூலையை விரும்பும்; பம்பின் முகத்தைத் திருப்பி மணல்மேல் ஓட்டம் படச் செய்தாலே சில தொட்டிகளில் பாதி வேலை முடிந்துவிடுகிறது. படலத்தைக் கலைக்காமல், மெல்லிய குழாயால் மேல் மணலோடு உறிஞ்சி எடுத்து, மணலைக் கழுவி மீண்டும் போடுவார்கள்.

பிறகு வேலைக்காரர்கள். வாயில் மணலை அள்ளிச் சலித்துச் செவுள் வழியாகத் துப்பும் ஒருவகை உளுவை மீன் உண்டு. நாள் முழுதும் அதற்கு அதுவே தொழில். லங்காவியில் மருந்துக்காகப் பேர்பெற்ற காமாட் இனத்துக் கடல் அட்டைகள் மணலை விழுங்கி, அதிலுள்ள அழுக்கைத் தின்று, சுத்த மணலை வெளியே தள்ளும். சில வகை அட்டை தொட்டிக்குள் செத்தால் அதன் நஞ்சு மீனையும் கொல்லும் என்பதால் கவனம் வேண்டும். ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் அவித்துத் தின்னும் கோங்கோங் சங்கு, மணல்மேல் உள்ள பாசியையும் மக்கலையும் மேய்வது. அதன் சொந்தக்காரச் சங்குகளை வெளிநாட்டார் காசு கொடுத்து வாங்கித் தொட்டியில் விடுகிறார்கள். நம்மவர் சட்டியில் போடுகிறோம்.

மணலே வேண்டாம், வெறும் கண்ணாடித் தரை போதும் என்று 2000-க்குப் பின் ஒரு கட்சி கிளம்பியது. பழைய மணல் பாஸ்பேட்டைச் சேர்த்து வைத்துக்கொண்டு பிற்காலத்தில் தொல்லை தரும் என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இல்லாமலில்லை. இன்னொரு கட்சி ஆழமான மணலும் அதில் நெளியும் புழுக்களும்தாம் தொட்டியின் உயிர் என்கிறது. இந்தச் சண்டை இன்னும் தீரவில்லை. இடையில் புதிதாக ஒரு சங்கதி வெளிப்பட்டது. இரசாயனங்களால் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் அடியோடு வழித்தெடுத்து, நீரைப் பளிங்கு போல் ஆக்கிவிட்ட தொட்டிகளில், டைனோஃபிளாஜெல்லேட் என்னும் பழுப்பு உயிர் மூக்குச்சளி போல நூல் நூலாக மணலில் தொங்கத் தொடங்கியது. எதிரிகள் பட்டினியால் ஒழிந்த வெற்று நிலத்தை அது பிடித்துக்கொண்டது. அதில் சில வகை நஞ்சுடையது. மேய்ந்த நத்தை செத்துவிழும். அதை அடக்கப் பலர் இப்போது செய்வது என்ன தெரியுமா? தொட்டியில் அளந்து கொஞ்சம் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஊற்றுகிறார்கள். மற்றப் பாசிகளும் பாக்டீரியாக்களும் மீண்டும் வளர்ந்து இடத்தை நெருக்கட்டும் என்று காத்திருக்கிறார்கள். சில வாரங்கள், சில வேளை மாதங்கள் ஆகும். அதுவரை வடித்தெடுத்த பாசியைக் கால்வாயில் ஊற்றாமல், வெயிலில் நன்றாகக் காயவைத்துக் குப்பையில் போடச் சொல்கிறார்கள்.